கடலுக்கு அடியில் நெருப்பு

கிணற்றில் வாளி விழுந்துவிட்டால் என்ன செய்வோம்? கயிற்றில் பாதாளக் கரண்டியைக் கட்டி இறக்குவோம். ஆள் இறங்காமலே வாளி மேலே வரும்.

ஆழ்கடலிலும் இப்படி இறங்கும் கருவி ஒன்று உண்டு. அதன் பெயர் ஜேசன். அமெரிக்க நாட்டுக் கருவி. அதற்குள் ஆள் கிடையாது. கப்பலையும் அதையும் ஒரு நீண்ட வடம் இணைக்கும். வடத்தின் வழியே மின்சாரம் கீழே போகும். படம் மேலே வரும். கேமராக்கள் அதன் கண்கள். இரண்டு இயந்திரக் கைகளும் உண்டு. கப்பலில் இருப்பவர்கள் படத்தைப் பார்த்தபடி அதை ஓட்டுவார்கள்.

2009-ஆம் ஆண்டு, மே மாதம். பசிபிக் பெருங்கடலில் சமோவா தீவுகளுக்குத் தென்மேற்கே ஜேசனை இறக்கினார்கள். அங்கே நீருக்குள் மேற்கு மாட்டா என்ற எரிமலை மறைந்திருக்கிறது. அதன் உச்சியே சுமார் 1,200 மீட்டர் ஆழத்தில் உள்ளது. அங்கே வெயில் எட்டாது. மேலே காற்று நம்மை அழுத்துவதைப் போல 120 மடங்கு அழுத்தம் அங்கே இருக்கும். நீந்திப் போனால் மனிதர் பிழைக்க முடியாது.

ஜேசன் என்ன காட்டியது? தண்ணீருக்குள்ளே நெருப்புக் குழம்பு சிவப்பாகப் பொங்கியது. பெரிய குமிழிகளாக ஊதி வெடித்தது. குளிர்ந்த நீர் பட்டதும் கறுத்து இறுகியது. தலையணை தலையணையாகக் கல் குவிந்தது. இப்படிக் குவிந்து குவிந்துதான் பல தீவுகள் பிறந்தன. அதுவரை மனிதர் நேரில் படம் பிடித்த எரிமலை வெடிப்புகளில் இதுவே மிக ஆழமானது.

இன்னொரு வியப்பு! அந்த மலையில் இறால்கள் வாழ்ந்தன. வெயில் இல்லை. செடி இல்லை. பிறகு எதைத் தின்றன? எரிமலையிலிருந்து கந்தகம் கலந்த வெந்நீர் வருகிறது. அதை வைத்து நுண்ணுயிர்கள் வளர்கின்றன. அவையே இறாலுக்கு உணவு.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 2004-இல் நம் கரையைத் தாக்கிய சுனாமியை மறக்க முடியுமா? அது நிலநடுக்கத்தால் வந்தது. எரிமலையாலும் சுனாமி வரும். 2022 ஜனவரி 15 அன்று டோங்கா நாட்டில் வேறொரு கடலடி எரிமலை வெடித்தது. சுனாமி எழுந்தது. உயிர்கள் போயின. வீடுகள் அழிந்தன.

உலகின் எரிமலைகளில் பெரும்பாலானவை கடலுக்கு அடியில்தான் இருக்கின்றன. மறைந்திருக்கும் ஆபத்தை அறிந்தால்தான் முன்கூட்டியே எச்சரிக்க முடியும். அதற்காகவே ஜேசன் போன்ற கருவிகள் இறங்குகின்றன.

பதில் சொல்லுங்கள்

1. ஜேசனை ஓட்டுபவர்கள் எங்கே இருக்கிறார்கள்?
2. நெருப்புக் குழம்பு நீரில் பட்டதும் என்ன ஆகிறது?
3. சுனாமி எவற்றால் வரும்?