ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் உன் கடைசி வருடப் படத்தின் கதையை நீ சொல்லச் சொல்ல, நான் "ம்" கொட்டிக்கொண்டே இருந்தேன். ஏழு நிமிட அனிமேஷன் படம். மூன்று ஊர், ஒரு தேர்த் திருவிழா, கடைசியில் வெள்ளம். உன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை. "நல்லா இருக்கும்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பாதிப் பொய். மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன். இந்தத் தொழிலில் நாற்பது வருடம் தப்புப் பண்ணியவன் உன் தாய்மாமன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படி.

1. முதலில் கணக்குப் போடு. கதை எழுதும் நோட்டின் முதல் பக்கத்திலேயே போடு. திரையில் வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடும். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் வினாடிக்கு 12 படம் வரைந்தாக வேண்டும். ஏழு நிமிடத்துக்கு 5,040. கல்லூரி விட்டு வந்து, சாப்பிட்டு, தூங்கியது போக நாளைக்கு 20 படம் உருப்படியாக வரைவாய் என்று வைத்துக்கொண்டால் 252 நாள். அதுவும் திரையில் ஒரே ஒரு ஆள் இருந்தால்தான். உன் திருவிழாவில் எத்தனை பேர் தேர் இழுக்கிறார்கள்? கையில் இருப்பதோ நாலு மாதம். ஒன்றரை நிமிடப் படம் என்றால் 1,080 படம், 54 நாள். மிச்ச நாள் வண்ணத்துக்கும் ஒலிக்கும், நடுவில் உனக்கு வரப்போகும் காய்ச்சலுக்கும்.

நான் இந்தக் கணக்கைப் போடவே இல்லை. என் மாணவப் படத்தில் ஓர் ஆட்டுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு வாரச் சந்தைக்குள் ஓடும். புதிதாக வரைய வந்தவன் எடுக்கிற இடமா சந்தை! காய்கறிக்காரி, சாணை பிடிப்பவர், பாத்திரக் கடை, வேடிக்கை பார்க்கிற கூட்டம். ஏழு நிமிடம் என்று எழுதிக் கொடுத்தேன். வருடக் கடைசியில் கையில் இருந்தது 43 வினாடி. இன்றைக்கும் அவ்வளவுதான்.

2. சின்ன விஷயத்தைப் பெரிதாகப் பார். மாணவர் போட்டி ஒன்றுக்கு நடுவராகப் போயிருந்தேன். ஒரே நாளில் பதினொரு மரங்கள் வெட்டப்பட்டதைப் பார்த்தேன். ஒவ்வொரு படத்திலும் கடைசியில் ஒரு குழந்தை அழுதது. மரத்தின் மேல் எனக்கும் அக்கறை உண்டு கண்ணு. ஆனால் அந்தப் பதினொன்றில் ஒரு மரம்கூட இன்ன மரம் என்று தெரியவில்லை. வேம்பா, புங்கையா? யாரும் உட்கார்ந்து பார்த்து வரையவில்லை.

ஜான் லாஸட்டர் 1986-இல் செய்த 'லக்சோ ஜூனியர்' படத்தில் இரண்டு மேஜை விளக்குகள், ஒரு பந்து. முகம் கிடையாது, பேச்சு கிடையாது, இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. ஆனாலும் எது பெரியது, எது பிள்ளை என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. டான் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் கலிஃபோர்னியாவில் மாணவராக இருந்தபோது, 1998-இல், குச்சி மனிதர்களை வைத்தே 'பில்லியின் பலூன்' எடுத்தார். கையில் பிடித்த பலூனே குழந்தையை அடிக்கிறது. கதை அவ்வளவுதான்.

உன் பாட்டி வெற்றிலை போடுவதை எப்போதாவது முழுசாகப் பார்த்திருக்கிறாயா? வெற்றிலையைத் தொடையில் தேய்த்துத் துடைப்பாள். காம்பைக் கிள்ளுவாள், நுனியைக் கிள்ளுவாள். திருப்பிப் போட்டு, பின்பக்க நரம்பை நகத்தால் மெல்ல உரிப்பாள். சுண்ணாம்பு டப்பியை மோதிர விரலால் தொட்டு, இலையில் ஒரே இழுப்பு. மீதி ஒட்டியிருப்பதை எப்போதும் அந்தத் தூணில்தான் தடவுவாள். நம் வீட்டுத் தூணில் ஒரு ஜாண் அகலத்துக்கு வெள்ளையாக இருக்கிறதே, அது நாற்பது வருடச் சுண்ணாம்பு. ஒரு நிமிடப் படம் உன் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறது. நீ வெள்ளத்தைத் தேடிப் போகிறாய்.

3. படத்தின் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லாதே. ஸ்டோரிபோர்டை நேரத்தோடு கோத்து, உன் குரலையே போட்டு அனிமேட்டிக் ஆக்கு. வீட்டில் போட்டுக் காட்டு. காட்டும்போது வாயைத் திறக்காதே. எனக்கு அனிமேட்டிக் செய்யும் வசதியெல்லாம் இல்லை. ஸ்டோரிபோர்டைச் சுவரில் ஒட்டிக் காட்டினேன். உன் அம்மா அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "ஆடு ஏன் ஓடுது அண்ணா?" என்று கேட்டாள். கால் மணி நேரம் விளக்கினேன். கேட்டு முடித்துவிட்டு, "அதையே படத்துல போட்டுடலாமே" என்றாள். இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. அவள் கேட்டதுதான் நியாயமான கேள்வி என்று ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருடம் ஆனது. உன் படத்தைப் பார்த்து யாராவது "புரியலையே" என்றால் அவர்கள் மேல் கோபப்படாதே. அவர்களுக்குக் காபி போட்டுக் கொடு.

4. நடித்துப் பார்த்துவிட்டு வரை. கதவைச் சாத்திக்கொண்டு நட, தடுக்கி விழு. எந்தத் தோள் முதலில் இறங்குகிறது என்பது உன் உடம்புக்குத் தெரியும், பென்சிலுக்குத் தெரியாது. வெட்கம் பார்ப்பவருக்கு இந்தத் தொழில் ஆகாது.

5. ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார். திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன் அறையில்தான் அந்த 43 வினாடியை வரைந்தேன். மே மாதம். ஃபேன் போட்டால் தாள் பறக்கும், நிறுத்தினால் வியர்த்து ஊற்றும். அடியில் பல்பு வைத்த கண்ணாடிப் பலகை வேறு சூட்டைக் கக்கும். முழங்கை தாளில் ஒட்டிக்கொள்ளும். கையைத் தூக்கினால் ஆட்டின் முதுகுக் கோடு கையோடு வந்துவிடும். மணிக்கட்டுக்கு அடியில் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு வரைவேன். உனக்கு டேப்லெட் இருக்கிறது, எந்தத் தாளும் பறக்காது. ஆனால் உன் மேஜையிலும் ஒரு ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. நீ அதைப் போன் என்கிறாய். இரண்டு மணி நேரத்துக்கு அதைப் பாட்டியிடம் கொடுத்துவிடு.

மூட் வரட்டும் என்று காத்திருக்காதே. தாதாசாகேப் பால்கே தன் முதல் முழுநீளப் படத்துக்கு முன்னால், பட்டாணி விதை ஒன்று முளைத்துச் செடியாவதைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படம் பிடித்தார். தனக்கு மூட் வந்த நாளில் மட்டும் அவர் காமிராவைத் தொட்டிருந்தால், செடி அவருக்காக நின்றிருக்காது.

6. முடி. இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் கடுமையாக இருக்கும், பொறுத்துக்கொள். ஆட்டுக்குட்டியின் காது அசைவதற்கு மட்டும் நான் மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். நேர்த்திக்காக என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். முடித்தால் பார்ப்பார்கள், பார்த்தால் மதிப்பெண் போடுவார்கள். முடிக்காத படத்தை யாரும் குறை சொல்ல முடியாதல்லவா?

நிக் பார்க் கதையை உன் ஆசிரியர்கள் சொல்லியிருப்பார்கள். 1982-இல் மாணவராக இருந்தபோது 'எ கிராண்ட் டே அவுட்' தொடங்கி, 1989-இல்தான் முடித்தார், 23 நிமிடப் படம். இதைச் சாக்காக எடுத்துக்கொள்ளாதே. நடுவில் ஆர்ட்மன் நிறுவனம் அவரைச் சேர்த்துக்கொண்டு கைகொடுத்தது. அதைவிட முக்கியம், அவர் முடித்தார். ரிச்சர்ட் வில்லியம்ஸைப் போல வரையத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே சிலர்தான். அவர் 1960-களில் தொடங்கிய 'தீஃப் அண்ட் தி காப்ளர்' படத்தை 1992-இல் அவர் கையிலிருந்து பிடுங்கி, வேறு ஆட்கள் முடித்தார்கள். அவ்வளவு பெரிய கைக்கே அப்படி. தேதி வந்ததும் பென்சிலைக் கீழே வை. குறையோடு நிற்கிற படம் உனக்கு அடுத்த படத்தைச் சொல்லித் தரும்.

7. கூட உழைத்தவரின் பெயரை முதலில் எழுது. வேலைக்குச் சேர்ந்த பிறகு என் முதல் குறும்படத்தைச் செய்தேன். அசைவின் முக்கிய நிலைகளான என் கீ படங்களுக்கு நடுவில் வரும் இன்-பிட்வீன்கள் அத்தனையும் என் நண்பன் வரைந்தான். அறுநூறுக்கு மேல் இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு வருவான், விடியற்காலை டீயோடு போவான். டைட்டில் அட்டையை நானே பிரஷ்ஷால் எழுதினேன். என் பெயரைப் பெரிதாக எழுதினேன். அவன் பெயருக்கு இடம் பற்றவில்லை என்று அவனிடமே சொன்னேன். "பரவால்லடா" என்றான்.

திரையிடலுக்கு ஊரிலிருந்து அவன் அப்பா பஸ் பிடித்து வந்திருந்தார். வெள்ளை வேட்டி, மஞ்சள் பை. எனக்குப் பின் வரிசையில்தான் இருவரும். படம் முடிந்து விளக்குப் போட்டதும் அவர் மெதுவாகக் கேட்டார்: "உன் பேரு எப்பப்பா வரும்?" அவன் சொன்னான்: "இது சின்னப் படம்பா. சின்னப் படத்துலெல்லாம் போட மாட்டாங்க."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும். அவர் இப்போது இல்லை. அவனிடம் பல வருடம் கழித்து மன்னிப்புக் கேட்டேன், அப்போதும் "பரவால்லடா" என்றுதான் சொன்னான்.

நம் நாட்டில் இந்தக் கலையே ஒருவர் கையைப் பார்த்து இன்னொருவர் கற்றதுதான். டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் 1956-இல் பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து சிலருக்குச் சொல்லிக் கொடுத்தார். அவர்களில் ஒருவரான ராம் மோகனிடமிருந்து எத்தனையோ பேர் கற்றுக்கொண்டார்கள். தனியாக வந்தவர் யாரும் இல்லை. உனக்கு டப்பிங் பேசும் பக்கத்து வீட்டுப் பையன், ராத்திரி ரெண்டர் ஓடும்போது லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் போகும் தோழி, எல்லார் பெயரும் வரட்டும். எழுத்துப் பிழை இல்லாமல் வரட்டும்.

8. ஒலியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதே. வெற்றிலை நரம்பு உரிகிற சத்தம் சரியாக இருந்தால், நீ அதை அவ்வளவு நுணுக்கமாக வரையவே வேண்டாம். போர்வைக்குள் புகுந்துகொண்டு போனிலேயே பதிவு செய், நன்றாக வரும். சினிமாப் பாட்டைத் தூக்கிப் போடாதே. உரிமை இல்லாத இசையோடு போனால் திரைப்பட விழாக்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

9. கருவி சரியில்லை என்று புலம்பாதே. லாட்வியாக்காரர் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் 'ஃப்ளோ' படத்தை, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளும் பிளெண்டர் மென்பொருளில்தான் செய்தார். 2025-இல் ஆஸ்கர் வாங்கியது. ஆனால் தினமும் இரண்டு இடத்தில் சேமித்து வை. எந்த வருடம், எத்தனை மாத வேலை போனது என்று என்னைக் கேட்காதே. உன் அத்தைக்குத் தெரியும்.

10. பொங்கலுக்கு வரும்போது ஒரு நாள் முன்னதாகவே வா. பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. ஆயிரத்துக்கு மேல் தாள், ஒரு சின்ன 16 எம்எம் சுருள். இத்தனை வருடத்தில் ஃபிலிம் சுருண்டு போயிருக்கலாம், தாளைக் கரையான் தொட்டிருக்கலாம். என் முழங்கால் இப்போது ஏணிக்கு ஒத்துவராது. நீ ஏறு, நான் ஏணியைப் பிடித்துக்கொள்கிறேன். உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. ஆடு ஏன் ஓடியது என்று அவள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

உன் மாமா