கிரகணம் உதட்டைப் பிளக்காது

நம்பிக்கை: கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே வந்தாலோ, அரிவாள்மனையில் காய் நறுக்கினாலோ குழந்தை உதடு பிளந்து பிறக்கும்.

உண்மை: கருவின் முகம் இரு பக்கமிருந்தும் வளர்ந்து வந்து நடுவில் கூடுகிறது. கரு உண்டாகி ஏழு வாரம் ஆவதற்குள் மேலுதடு ஒட்டி முடிந்துவிடும். அண்ணம் கூடச் சில வாரம் கூடுதலாகும். அப்போது ஒட்டாமல் நின்றதுதான் பிளவு. கூடிவிட்ட உதட்டை ஐந்தாம் மாதத்துக் கிரகணம் எப்படிப் பிளக்கும்? பரம்பரையோடு, தாய் புகைபிடிப்பது, கருத்தரிக்கும்போது கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, சில வலிப்பு மாத்திரைகள் ஆகியவை ஆபத்தைக் கூட்டும். பல குழந்தைகளுக்குக் காரணம் இன்னதென்று சொல்லவே முடிவதில்லை. ஆனாலும், "அன்னைக்கு ஏன் வாசலுக்குப் போனே?" என்று பெற்றவளைக் காலமெல்லாம் குத்திக்காட்டும் வீடுகள் இருக்கின்றன. இது பெரிய அநியாயம். பிளவை அறுவை சிகிச்சையால் சரிசெய்யலாம். அந்தச் சொல் ஆறாது.

நம்பிக்கை: நாள் தள்ளிப்போய், டாக்டர் உறுதி செய்த பிறகு போலிக் ஆசிட் ஆரம்பித்தால் போதும்.

உண்மை: மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகப்போகும் குழல், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளி இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. பல பெண்கள் அப்போதுதான் சந்தேகப்படவே தொடங்குவார்கள். எனவே, கருத்தரிக்க ஒரு மாதம் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் வேண்டும். முந்தைய குழந்தைக்கு இந்தக் குழல் மூடாத குறை இருந்த தாய்மாருக்கு 4 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1991இல் வெளியானது. குறை திரும்ப வருவது 72 சதவீதம் குறைந்தது. அத்தகையோர் அளவை டாக்டரிடம் கேட்டே எடுக்க வேண்டும்.

நம்பிக்கை: கர்ப்பம் என்றதும் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட வேண்டும்.

உண்மை: வேண்டவே வேண்டாம். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தால் சுமார் 10 சதவீதக் குழந்தைகளுக்குப் பிறவிக் குறை வருகிறது என்பது மெய்தான். ஆனால் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்து தாய், சேய் இருவருக்கும் ஆபத்து. குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். தைராய்டு குறைவுக்கான மாத்திரையை நிறுத்தவே கூடாது.

நம்பிக்கை: லேசான காய்ச்சலும் தடிப்பும் கருவை ஒன்றும் செய்யாது.

உண்மை: அது ரூபெல்லாவாக இருக்கலாம். கர்ப்பத் தொடக்கத்தில் தாய்க்கு அது வந்தால் குழந்தைக்குக் கண்புரை வரலாம் என்று 1941இலேயே ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் கண்டுபிடித்தார். காதும் இதயமும்கூடப் பாதிக்கப்படும். தடுப்பூசியைக் கர்ப்பமாக இருக்கும்போது போட முடியாது. போட்டபின் ஒரு மாதமாவது கழித்தே கருத்தரிக்க வேண்டும்.