இடுப்புப் பயிற்சியும் இடையில் திரும்பும் வலியும்

பொழுது புலரும் முன்பே நிரைக்குச் செல்லும் பால்வெட்டுத் தொழிலாளி, மதியத்திற்குள் சில நூறு மரங்களைச் சுற்றி வந்துவிடுகிறார். மரத்துக்கு மரம் குனிவதும் நிமிர்வதும், பக்கவாட்டில் கால் மாற்றி வைப்பதும், மேடு பள்ளங்களில் பால் வாளியைச் சுமப்பதும் அவருடைய அன்றாட வேலை. இந்தப் பாரத்தைத் தாங்குபவை இடுப்பு மூட்டும் அதனைச் சுற்றியுள்ள தசைகளுமே ஆகும். ஆகவே நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இடுப்பின் வெளிப்புறத்தில் வலி காண்பது வியப்பன்று.

இவ்வலிக்கு உடற்பயிற்சி நல்ல மருந்தாகும். ஆஸ்திரேலியாவில் இத்தகைய வலியுடைய 204 பேரைக் கொண்டு நடத்தப்பெற்ற ஆய்வொன்று 2018ஆம் ஆண்டில் வெளிவந்தது. எட்டு வாரங்களுக்குப் பின்னர், பயிற்சியும் அறிவுரையும் பெற்றவர்களில் நூற்றுக்கு 77 பேர் தேறியிருந்தனர். ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்கு 58 பேரும், பொறுத்துப் பார்த்தவர்களில் நூற்றுக்கு 29 பேருமே தேறினர்.

ஆயினும், பயிற்சியைத் தொடங்குவோர் பலர் இடையிலேயே கைவிட்டுவிடுகின்றனர். ஒரு சகோதரியை எடுத்துக்கொள்வோம். இரண்டு வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்கிறார், வலி குறைகிறது. மூன்றாம் வாரம் உற்சாகத்தில் இரு மடங்கு செய்கிறார். அன்றே வீட்டில் துணி துவைத்துத் தண்ணீரும் சுமக்கிறார். மறுநாள் காலை வலி திரும்பிவிடுகிறது. “பயிற்சியால் இடுப்பு கெட்டுவிட்டது” என்று அஞ்சிப் படுத்துவிடுகிறார். ஒரு மாதம் சென்றபின் தசைகள் முன்னிலும் தளர்ந்து, அதே நிரை அவருக்குப் பெருஞ்சுமையாகிறது, நாட்சம்பளமும் குறைகிறது. வலி திரும்பியதால் நேர்ந்த கேட்டைவிட, பயிற்சியை முற்றாக நிறுத்தியதால் நேர்ந்த கேடே பெரிது.

வலி திரும்பியது என்பதற்கு உறுப்பு சேதமடைந்துவிட்டது என்று எப்போதும் பொருளில்லை. அன்றைய பாரம் தசையின் அன்றைய வலிமையைச் சற்று மீறிவிட்டது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். மரம் வெட்டும் நமக்கு இது புதிய பாடமன்று. பட்டையை ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும். அதற்காக மரத்தையே கைவிடுவாரில்லை. உளியை மெல்லப் பிடித்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுகிறோம். உடலையும் அவ்வாறே நடத்துதல் வேண்டும்.

வீட்டில் செய்யத்தக்க பயிற்சிகள் மூன்று:

1. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றுக. பிட்டத்தை மெல்ல உயர்த்தி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்குக.

2. உறுதியான பெஞ்சில் உட்கார்ந்து, கைகளை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருக.

3. சுவரைப் பிடித்து நேராக நின்று, ஒரு காலைப் பக்கவாட்டில் சிறிது தூக்கி இறக்குக. பின்னர் மறுகாலுக்கும் செய்க.

தொடக்கத்தில் ஒவ்வொன்றையும் பத்து முறை செய்தால் போதும்.

பயிற்சியின்போது வலியைப் பத்துக்கு எத்தனை என்று மனத்தில் அளந்து பாருங்கள். ஐந்துக்குள் இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு அடங்கிவிட்டால் அச்சமில்லை, தொடரலாம். ஐந்தைத் தாண்டினாலோ, மறுநாளும் கூடுதலாக நீடித்தாலோ, அளவு மிகுந்துவிட்டது என்று கொள்க. அப்போது செய்ய வேண்டியவை இவை:

ஓரிரு நாள்களுக்குப் பத்து முறையை ஐந்தாக்குங்கள். ஆனால் அறவே நிறுத்தாதீர்கள். சமதரையில் சிறிது நடந்து வாருங்கள். வலி அடங்கியபின், கடைசியாகத் தொல்லையின்றிச் செய்த அளவிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். வாரத்திற்கு ஒன்றிரண்டு முறைகளே கூட்டுங்கள். வலி மிகுந்த நாளுக்கு முந்திய நாள் என்ன வேலை செய்தோம் என்பதைக் குறித்து வைத்தால், காரணம் தானே விளங்கும்.

அன்றாடப் பழக்கங்களிலும் கவனம் தேவை. ஒற்றைக் காலில் சாய்ந்து நிற்பதையும், கால்மேல் கால் போட்டு உட்காருவதையும் தவிர்க்கவும். ஒருக்களித்துப் படுக்கும்போது வலியில்லாத பக்கத்தில் படுத்து, முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்துக்கொள்ளவும். ஒரு கையில் வாளி தூக்க நேர்ந்தால், வலியுள்ள பக்கத்துக் கையிலேயே தூக்குவது இடுப்புத் தசைக்கு எளிது. இது பலர் எண்ணுவதற்கு மாறானதெனினும் உண்மையாகும். வலி கடுமையான நாளில் பாரத்தை இரு தடவையாகச் சுமப்பதில் இழிவொன்றுமில்லை.

எனினும், எல்லா வலிக்கும் பயிற்சியே மருந்தாகாது. விழுந்தபின் காலை ஊன்ற முடியாவிட்டாலும், வலியோடு காய்ச்சல் இருந்தாலும், கால் மரத்துப்போனாலும் வலுவிழந்தாலும், சிறுநீர் அல்லது மலம் கட்டுக்கடங்காமற் போனாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரவில் ஓய்விலும் ஓயாத வலி, காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றையும் மருத்துவரிடம் காட்டுக. தொடையிடுக்கில் நீடிக்கும் வலி மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். அதனையும் மருத்துவர் பார்த்தறிவது நல்லது. வேலையில் விழுந்து அடிபட்டால் அன்றே மேற்பார்வையாளரிடம் தெரிவித்துப் பதிவு செய்து கொள்ளுங்கள்.

வெட்டிய பட்டை மீண்டும் வளர ஆண்டுகள் ஆகின்றன, நாம் பொறுத்திருக்கிறோம். தசை வலுப்பெற இரண்டு மூன்று மாதங்களே ஆகும். அதற்கிடையில் வலி ஓரிரு முறை திரும்பக்கூடும். திரும்பினால் அளவைக் குறைப்போம், பயிற்சியை விடாதிருப்போம்.