விளக்கு எரிந்தது, பாதை செத்திருந்தது

"ஏனுங்க சார், பொட்டியில லைட்டெல்லாம் பச்சையாத்தான் எரியுது. பில்லுதான் போவ மாட்டேங்குது."

திருப்பூர் கிடங்கிலிருந்து வந்த போன். கோவை அலுவலகத்துக்கும் அந்தக் கிடங்குக்கும் நடுவே இரண்டு இணைப்புகள் போட்டிருந்தேன்: ஃபைபர் ஒன்று, அது போனால் கைகொடுக்க ஒரு ரேடியோ லிங்க். இரண்டே இடத்துக்கு ஓஎஸ்பிஎஃப் எதற்கு என்று ஸ்டாட்டிக் ரூட்டோடு நிறுத்திக்கொண்டேன். ஃபைபர் ரூட்டுக்கு டிஸ்டன்ஸ் 1, ரேடியோவுக்கு 200. முதலாவது டேபிளிலிருந்து விழுந்தால்தான் இரண்டாவது எழும். நிறுவிய அன்று ரவுட்டரில் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன், உடனே மாறியது. டீ குடிக்கப் போய்விட்டேன்.

அன்றைக்கு அறுந்ததோ ரவுட்டர் கேபிள் இல்லை. வழியில் எங்கோ குழாய் பதிக்கத் தோண்டியவர்கள் ஃபைபரை அறுத்திருந்தார்கள். ஃபைபர் வந்து சேர்வது மீடியா கன்வர்ட்டரில். அங்கிருந்து ரவுட்டருக்கு ஒரு முழ நீளச் செம்புக் கேபிள். கன்வர்ட்டருக்குக் கரண்ட் இருக்கும்வரை ரவுட்டரின் போர்ட் 'அப்'தான். ஸ்டாட்டிக் ரூட்டுக்குத் தெரிந்த உலகம் அந்த ஒரு முழம். அதற்கு அப்பால் உயிர் இருக்கிறதா என்று அது யாரையும் கேட்பதில்லை. பில்லெல்லாம் பாழுங்கிணற்றில் விழுந்துகொண்டிருக்க, ரேடியோ லிங்க் சும்மா கிடந்தது.

இதற்கு மருந்து பிஎஃப்டி. 2010-இல் ஆர்எஃப்சி 5880 ஆக வெளிவந்தது. இரு ரவுட்டர்களும் யுடிபி 3784 போர்ட்டில் குட்டிக் குட்டிப் பாக்கெட்டுகளை ஓயாமல் பரிமாறிக்கொள்ளும். தொடர்ந்து குறிப்பிட்ட எண்ணிக்கை வராவிட்டால் எதிராளி இல்லை என்று அர்த்தம், ரூட்டை இறக்கிவிடும்.

ஆர்வத்தில் கோவைப் பக்கம் மட்டும் போட்டேன். அந்த நிமிடமே ஃபைபர் ரூட் காணாமல் போனது! சிஸ்கோவில் பிஎஃப்டியோடு கட்டிய ஸ்டாட்டிக் ரூட், எதிர்முனையும் பேசி செஷன் எழும்வரை டேபிளில் ஏறாது. ஓஎஸ்பிஎஃப் என்றால் பக்கத்து ரவுட்டரை அதுவே கண்டுபிடித்து பிஎஃப்டியிடம் சொல்லும். ஸ்டாட்டிக்கில் இரு முனையிலும் நாமே எழுத வேண்டும். திருப்பூரில் நான் எழுதாததால் போகிற பாக்கெட் ரேடியோவிலும் வருகிற பாக்கெட் ஃபைபரிலும் போய், நடுவிலிருந்த ஃபயர்வால் குழம்பி எல்லாவற்றையும் தள்ளிவிட்டது. ரூட்டோடு கட்டாமல் செஷனை மட்டும் எழுப்ப 'அன்அசோசியேட்' என்றொரு சொல் அந்தக் கட்டளையிலேயே உண்டு. இப்போதெல்லாம் இரு பக்கமும் அப்படி எழுப்பி, 'அப்' என்று கண்ணால் பார்த்த பிறகே ரூட்டோடு கட்டுகிறேன். ஏசிஎல் இருந்தால் 3784-க்கு வழி விட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுவது.

அடுத்த பேராசை வேகம். 50 மில்லிசெகண்ட், மூன்று தவறினால் இறப்பு. அதாவது 150 மில்லிசெகண்டில் தீர்ப்பு. எங்களுடையது எல்லா வேலையையும் சிபியுவே பார்க்கும் சின்ன ரவுட்டர். மதியம் பேக்கப் ஓடும்போது அது மூச்சு வாங்க, நல்ல ஃபைபரையே செத்ததாக அறிவித்து மாறி மாறி விழுந்தெழுந்தது. 300-க்கு ஏற்றினேன், 900 மில்லிசெகண்ட். பில் போடுகிறவருக்கு இது போதும். ஒரு முனையில் 300, மறுமுனையில் 1000 என்று விட்டுவைத்தால் இருவரும் 1000-க்கே இறங்கி வருவார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இன்டர்நெட் லைனுக்கு இது அப்படியே உதவாது. வழங்குநரின் ரவுட்டரும் பிஎஃப்டி பேசச் சம்மதிக்க வேண்டும். சம்மதித்தாலும் அந்த ரவுட்டர் வரைக்கும்தான் தெரியும். அதற்கு மேலே அறுந்தால் பிஎஃப்டி 'அப்' என்றே சொல்லும். அங்கே தூரத்து முகவரிக்குப் பிங் அனுப்பி ரூட்டைக் கண்காணிப்பதுதான் சரி. நிதானமானதுதான், ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கிறது.

எல்லாம் போட்டு முடித்ததும் கிடங்குத் தம்பியை போனில் பிடித்து, பிங் ஓடவிட்டுக்கொண்டே, கன்வர்ட்டரிலிருந்து ஃபைபரை உருவச் சொன்னேன். ஒரே ஒரு பிங் தவறியது. நீங்களும் சோதிக்கும்போது ரவுட்டர் கேபிளைத் தொடாதீர்கள். ஃபைபரை உருவிப் பாருங்கள்.