தலைவாசலில் ஒரு கம்பக்குழி

கொங்கு நாட்டுச் சிற்றூர்களின் தலைவாசலைச் சீர்திருத்த முற்படுகிறவர்கள் அங்கே என்னென்ன கட்டலாம் என்ற யோசனையோடுதான் வந்து சேருகிறார்கள். அவிநாசி, அன்னூர்ப் பக்கத்து ஊர்கள் சிலவற்றில் இத்தகைய காரியங்களில் கலந்துகொண்ட அனுபவத்தில், எந்த இடத்தைத் தொடாமல் விடவேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டால் மற்றவை பெரும்பாலும் தாமே ஒழுங்குக்கு வந்துவிடுகின்றன என்பது என் அபிப்பிராயம்.

ஓர் அரசமரம், அதைச் சுற்றிய மேடையில் பிள்ளையார், சற்றுத் தள்ளி மாரியம்மன் கோயில், தூர்ந்துபோன சேந்துகிணறு, ரேஷன் கடை, பஸ்ஸுக்குக் காத்திருக்க ஒரு நிழற்குடை, இவற்றுக்கு நடுவே வெறும் மண்தரை: பல ஊர்களில் தலைவாசலின் அமைப்பு இவ்வளவே. அந்த மண்தரை வீணாய்க் கிடப்பதாக எண்ணி, பணம் வந்த மாத்திரத்தில் அதன்மீது பேவர் பிளாக் பரப்பி, மத்தியில் ஒரு நீரூற்றை நிர்மாணித்து, பக்கத்தில் உயர்கோபுர மின்விளக்கொன்றையும் நாட்டிவிட்டால் ஊர் முன்னேறிவிட்டதாக ஒரு திருப்தி உண்டாகிவிடுகிறது. மண்ணை மண்ணாகவே விட்டுவைப்பதற்கு எந்த எஸ்டிமேட்டிலும் ஓர் இனம் கிடையாது என்பதும் இதற்கு ஒரு காரணம்.

ஓர் ஊரில் வரைபடத்தை மேடைமீது விரித்து வைத்திருந்தபோது, வெகுநேரம் அதை இக்கட்டும் அக்கட்டும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த வயதான அம்மாள் ஒருவர், "ஏஞ்சாமி, அல்லாத்தையும் கல்லப் போட்டு மூடிப்போட்டா கம்பத்த எங்க நடறது?" என்று கேட்டார். மாரியம்மனுக்குப் பூச்சாட்டிய பின், முக்கவராய்க் கிளைத்த மரக்கொம்பொன்றை வெட்டி வந்து கோயிலுக்கு எதிரே நட்டு, பெண்கள் அதற்கு மஞ்சள் நீர் ஊற்ற, இரவில் தாளத்திற்கேற்ப ஆண்பிள்ளைகள் அதைச் சுற்றி ஆட, நோன்பு முடிந்ததும் அதைப் பிடுங்கி நீரில் விடுகிற சம்பிரதாயம் கொங்கு நாடெங்கும் உள்ளதே. ஆயினும் அந்தக் கம்பம் நிற்கும் குழி, ஆண்டின் பெரும்பகுதி ஒரு பட்டைக்கல்லின்கீழ் மறைந்து கிடப்பதால், அளவெடுக்க வந்தவர்கள் எவர் கண்ணிலும் படவில்லை. அவர் கேட்ட பிறகு, குழியை மையமாக வைத்து, ஆடுகிறவர்களின் வட்டம் எவ்வளவு விரியும் என்பதை அவர்களையே நிற்கச் சொல்லிச் சுண்ணாம்புத் தூளால் கோடிட்டுக்கொண்டோம். அந்த வட்டத்துக்குள் கல்லும் சிமெண்டும் வரக்கூடாது என்று முடிவாயிற்று. குடங்குடமாய் ஊற்றும் தண்ணீர் அங்கேயே தேங்கிச் சேறாகாமல், ஓரத்து வேப்பங்கன்றுகளை நோக்கி ஓடும்படி மண்ணுக்கு லேசான வாட்டம் கொடுத்ததுதான் நடுத்தரையில் நடந்த ஒரே வேலை. வள்ளி கும்மிக்கும் அந்தத் தரையே பயன்பட்டது. கோவை மாவட்டத்துக் கும்மி ஆசிரியர் பத்ரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்ததை ஊர்கள் கொண்டாடின. ஆனால் பகலெல்லாம் வெயிலைக் குடித்த சிமெண்டுக் கல்லின்மீது மாலையில் வெறுங்காலோடு கும்மியடிப்பவர்களின் பாதத்தைப் பற்றி நினைத்தவர்கள் குறைவு.

ஆகவே, வருஷத்தில் ஒருமுறை நடப்பதாயினும், அவ்விடத்தில் நடக்கும் மிகப் பெரிய காரியம் எதுவோ அதன் அளவை முதலில் வரைந்துகொள்ளுங்கள் என்பேன். அவிநாசியிலும் பேரூரிலும் தேர்வீதிகள் தேருக்கு வேண்டிய விஸ்தாரத்தோடு இருக்க நேர்ந்த விதத்தைக் கவனித்தால் இது விளங்கும்: தேருக்குத் திருப்புவதற்கென்று தனி யந்திரம் இல்லை, சக்கரத்தின்கீழ் முட்டுக்கட்டை கொடுத்தே அதை ஒடித்துத் திருப்பவேண்டியிருப்பதால், முனையில் எவரேனும் திண்ணையை நாலடி நீட்டினால்கூட அடுத்த தேரோட்டத்தில் ஊரே கூடி அதற்குப் பதில் கேட்கும். வியன்னா நகரத்துக் கமில்லோ சிட்டே என்பவர் 1889-இல் வெளியிட்ட நூலில், பழைய ஐரோப்பியச் சதுக்கங்களில் நீரூற்றுகளும் சிலைகளும் நடுவில் நிற்காமல் ஓரங்களில் நின்றதை எடுத்துக்காட்டி, வண்டித்தடம் படாமல் எஞ்சுகிற இடங்களில் குழந்தைகள் பனிமனிதனைச் செய்து நிறுத்துவதை அதற்கு உதாரணமாகக் கூறுகிறார். நம் சுமைதாங்கிக் கல்லை நாட்டியவர்களுக்கும் அந்தக் கணக்கு தெரிந்தே இருந்திருக்கவேண்டும்.

மரத்தைப் பற்றி இரண்டொரு விஷயம் சொல்லவேண்டும். அடிமரம் வரை சிமெண்டுப் பூச்சு ஏறினால் வேர் நீரின்றியும் காற்றின்றியும் வாடும். டில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் வரை கான்கிரீட்டை அகற்றும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் உத்தரவிட்டது இதனால்தான். மேடைக்குக் கருங்கல் பலகைகளை இடைவெளியில் மண் நிரப்பி அடுக்கினால் மழைநீர் இறங்கும். பிற்பகல் நிழல் கிழக்கே விழுமாதலால் உட்காரும் திண்ணை மரத்துக்குக் கிழக்கே இருக்கட்டும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் மேல்காற்றின் புழுதியையும் அந்த மரமே ஓரளவு தடுக்கும். உட்கார இடமிருந்தால் ஜனங்கள் உட்காருவார்கள் என்பதை நியூயார்க்கில் பல சதுக்கங்களைப் படம்பிடித்து ஆராய்ந்த வில்லியம் வைட் 1980-இல் எழுதினார். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் இந்த உண்மையை, வெயிலில் காயும் நம் இரும்பு பெஞ்சுகள் நாள்தோறும் நினைவூட்டுகின்றன.

யார் உட்காருகிறார்கள் என்பது இதைவிடக் கடினமான பிரச்சினை. விடியற்காலை, உச்சிப்பொழுது, விளக்கு வைத்த பின் என்று வெவ்வேறு வேளைகளில் போய் அமர்ந்து பார்த்தால், மேடை ஆண்களுக்கென்றும், குழாயடியும் ரேஷன் கடை வரிசையும் பெண்களுக்கென்றும் பிரிந்திருப்பது தெரியவரும். சில ஊர்களில் ஒரு தெருவினர் அந்த வெளியைக் குறுக்கே கடந்து போவார்களேயன்றி அதில் நிற்கமாட்டார்கள் என்பதும் புலப்படும். ஈரோட்டுப் பெரியார் 1924-இல் வைக்கத்தில் சிறைசென்றது கோயிலைச் சுற்றிய தெருவில் எல்லோரும் நடக்கும் உரிமைக்காக என்பதை மறந்துவிட்டு, பழைய தலைவாசலை அதன் பழைய கட்டுப்பாடுகளோடு சேர்த்தே புதுப்பிப்பதை நான் பாரம்பரியப் பாதுகாப்பென்று ஒப்பமாட்டேன். திண்ணைகளை ஒரே மேடையில் குவிக்காமல் குழாயடி, ரேஷன் கடை, பள்ளிப் பிள்ளைகள் இறங்குமிடம் என்று நாலு ஓரங்களிலும் பிரித்துப் போட்டதில், எவருடைய அனுமதியையும் எதிர்பாராமல் உட்கார இடம் கிடைத்தது. முதலில் பெண்களே வந்து அமர்ந்தார்கள். மற்றத் தடை திண்ணையால் தீருவதன்று. அதற்கு ஊர்க்கூட்டத்தில் வாய்திறந்து பேசித்தான் ஆகவேண்டும்.

காகிதக் காரியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புலவரைபடத்தையும் அ-பதிவேட்டையும் முதலில் வாங்கிப் பாருங்கள்: நிலம் புறம்போக்கா, அறநிலையத்துறைக் கோயிலுக்கு உரியதா என்பது தெரியாமல் ஒரு கல்லும் நகர்த்தலாகாது. பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற மாநில அரசுகள் திட்டம் வகுக்கவேண்டுமென்று உச்சநீதிமன்றம் 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் பணித்திருப்பதை மனுவில் எடுத்துக்காட்டலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்ற பழைய நாட்களோடு 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் கிராமசபை நாட்களாகியிருப்பதால், தீர்மானம் நிறைவேற்றச் சந்தர்ப்பத்துக்குக் குறைவில்லை. அந்தத் தீர்மானத்தில், கம்பக்குழியிலிருந்து எத்தனை அடிக்குள் கட்டடமோ வாகனமோ வரக்கூடாது என்பதை அளவோடு எழுதிக்கொள்ளுங்கள். மைதானம் பாதுகாக்கப்படவேண்டும் என்று பொதுப்படையாக எழுதிய தீர்மானத்தைக் காட்டி ஒரு காரைக்கூட அப்பால் நகர்த்த முடியாது.