வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும்: கணிப்பொறிக்குள் கணிப்பொறி பேசும் முறை

மூன்றாம் ஆண்டு, இளநிலைக் கணிப்பொறி அறிவியல்

ஒரே வீட்டில் நான்கு குடித்தனங்கள் இருப்பதைக் கடலூர், பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கத்துத் தெருக்களில் இன்றும் காணலாம். வீட்டுக்கு உரிமையாளர் ஒருவர், கிணறு ஒன்று, வாசற்கதவு ஒன்று. ஆயினும் ஒவ்வொரு குடும்பமும் தனக்கென அடுப்பு மூட்டித் தனிவீட்டில் இருப்பது போலவே வாழ்கின்றது. வங்கிக் கணக்கு, இரயில் முன்பதிவு போன்ற பணிகளைச் செய்யும் பெருங்கணிப்பொறிகளும் பெரும்பாலும் இத்தகைய ஒண்டுக் குடித்தன வீடுகளே. ஒரு மெய்யான பொறிக்குள் பல மெய்நிகர்ப் பொறிகள் குடியிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தனித்தனி இயக்க அமைப்பு ஓடுகின்றது. ஒவ்வொரு கெர்னலும் முழுப் பொறியும் தன்னுடையதே என எண்ணிக்கொள்கின்றது.

இவ்வெண்ணத்தைக் கலைக்காமல் வைத்திருப்பதே வீட்டுக்காரரின், அதாவது ஹைபர்வைசரின் வேலை. ஆயின் இங்கொரு கேள்வி எழுகின்றது. வீட்டுக்காரர் ஒருவர் இருப்பதே தெரியாத குடித்தனக்காரர், அவரிடம் உதவி கேட்பது எவ்வாறு?

இக்கேள்வி புதிதன்று. 1972 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் வி.எம்./370 என்னும் அமைப்பை அறிவித்தது. 370 வகைப் பொறிகளில் ‘டயக்னோஸ்’ என்றொரு கட்டளை உண்டு. பொறியைப் பழுதுபார்ப்பதற்கென வைத்தது. மெய்நிகர்ப் பொறிக்குள் ஓடும் நிரலுக்கு அக்கட்டளையால் பயனில்லை. ஆகவே அதையே வீட்டுக்காரரைக் கூப்பிடும் மணியாக்கிவிட்டனர். இது சிக்கனமான யோசனை எனலாம். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1970களில் நிறுவப்பட்ட 370/155 இவ்வினத்தைச் சேர்ந்ததே. எனினும் 155 முதலில் வெளிவந்தபோது முகவரிகளை மாற்றிக் காட்டும் வன்பொருள் அதில் இல்லை. தனியே ஒரு பெட்டியைச் சேர்த்தாலன்றி அவ்வகைப் பொறியில் வி.எம்./370 ஓடாது.

இன்று நாம் பரவலாகக் காணும் முறை, லினக்ஸ் கெர்னலிலேயே அமைந்த கே.வி.எம். ஆகும். இது 2007 பிப்ரவரியில் வெளியான 2.6.20 பதிப்பில் சேர்ந்தது. இதில் குடித்தனக்காரர் முதலில் ‘நீ யார்?’ எனச் செயலியைக் கேட்கும் கட்டளையை, பதினாறடி எண்முறையில் 40000000 என்னும் எண்ணுடன் இடுகின்றார். ‘கேவிஎம்கேவிஎம்கேவிஎம்’ என்ற எழுத்துகள் விடையாக வந்தால், மேலே ஒரு வீட்டுக்காரர் இருப்பது விளங்கிவிடும். அடுத்த எண்ணில் கேட்டால் அவர் என்னென்ன உதவி செய்வார் என்பது ஒவ்வொரு பிட்டாகத் தெரியும். பிறகு அழைப்பு எண்ணை ஒரு ரெஜிஸ்டரிலும், உடன்தரும் செய்திகளை வேறு நான்கு ரெஜிஸ்டர்கள் வரையிலும் இட்டு ஒரு தனிக் கட்டளையை நிறைவேற்றினால் கட்டுப்பாடு வீட்டுக்காரரிடம் போய்ச் சேரும். இதுவே ஹைபர்கால்.

இந்தப் படியேற்றம் மலிவானதன்று. ஒருமுறை மேலே போய்த் திரும்ப ஆயிரம் கடிகாரத் துடிப்புகளும் அதற்கு மேலும் செலவாகலாம். ஆகவே சிறுசிறு செய்திக்கெல்லாம் கூப்பிடாமல் இருப்பதே இத்துறையின் கலை. ஆஸ்திரேலியரான ரஸ்டி ரஸ்ஸல் வகுத்து, 2008 ஜனவரியில் 2.6.24 பதிப்பில் வந்த ‘விர்ட்டியோ’ இதற்காகவே தோன்றியது. இருவருக்கும் பொதுவான நினைவகத்தில் ஒரு வளையம் இருக்கும். அனுப்ப வேண்டியவற்றைக் குடித்தனக்காரர் அதில் அடுக்கிவைத்து, இறுதியில் ஒருமுறை மட்டும் மணியடிக்கின்றார். முடித்தவற்றை வீட்டுக்காரர் வேறொரு வளையத்தில் குறித்துவைக்கின்றார். ‘நான் விழித்திருக்கிறேன், மணியடிக்க வேண்டா’ என ஒருவர் மற்றவருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கவும் இடமுண்டு.

நமக்கு அண்மையில் நடந்த ஒரு பணியே இப்பொருளை மிக நன்றாக விளக்குகின்றது. கரும்பு அரைவைக் காலத்தில் நெல்லிக்குப்பம் போன்ற ஆலைகளின் வாயிலில் வண்டிகள் வரிசையில் நிற்பதை நாம் அறிவோம். டோக்கன் எண் வரிசைப்படியே எடைமேடைக்குச் செல்ல வேண்டும் என்று கொள்வோம். ஐந்தாம் எண் ஓட்டுநர் உறங்கிவிட்டால், மேடை காலியாக இருந்தும் ஆறாம் எண்ணார் போக முடியாது. பின்னுள்ள லாரிகள் எல்லாம் எஞ்சினை ஓடவிட்டபடி டீசலை வீணாக்கும். 2008இல் லினக்ஸ் ஏற்ற ‘டிக்கெட்’ வகைச் சுழற்பூட்டும் இதே நியாயத்தில் அமைந்தது. தனிப்பொறியில் அது நேர்மையான முறை. மெய்நிகர்ப் பொறியிலோ வினை விளைந்தது. அடுத்த எண்ணை வைத்திருக்கும் மெய்நிகர்ச் செயலியை வீட்டுக்காரர் ஓரமாக உறங்க வைத்திருக்கலாம். காத்துச் சுழலும் மற்றவையோ, அவர் கண்ணுக்குக் கடுமையாக உழைப்பவையாகத் தோன்றும்! எனவே உழைக்காதவற்றுக்கே நேரத்தை அளிப்பார்.

இதற்குக் கே.வி.எம். பக்கத்தில் தீர்வை எழுதியவர்கள் பெங்களூர் ஐ.பி.எம். பொறியாளர்களான ஸ்ரீவத்ச வட்டகிரி, ராகவேந்திர கே.டி. ஆகியோர். 2013 நவம்பரில் வெளியான 3.12 பதிப்பில் அது இடம்பெற்றது. ஓரளவு சுழன்றும் பூட்டுக் கிடைக்காத செயலி தானே ‘நிறுத்து’ எனும் கட்டளையை இட்டு உறங்கிவிடுகின்றது. வீட்டுக்காரர் அந்நேரத்தை வேறொருவருக்கு அளிக்கின்றார். பூட்டை விடுவிப்பவர், அடுத்த எண்ணுக்குரியவரை எழுப்புமாறு ஐந்தாம் எண் ஹைபர்காலை இடுகின்றார். பின்னர்ப் பூட்டின் வகையே மாறிய பிறகும் எழுப்பும் இவ்வழைப்பு நிலைத்தது. இரண்டு கெர்னல்களும் தம்முள் பேசாதவரை எத்துணை வேகமான செயலியாலும் தீராத சிக்கல் இது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

ஆயினும் பேசுவதற்கு வைத்த ஒவ்வொரு சாளரமும் திருடனுக்கும் சாளரமே. குடித்தனக்காரர் தரும் முகவரி, நீளம், எண் எதையும் வீட்டுக்காரர் சரிபாராமல் ஏற்கலாகாது. கே.வி.எம்.மின் தொடக்கக் காலப் பதிப்புகளில், அழைப்பவர் குடித்தனத்தின் கெர்னல்தானா என்ற சோதனை விடுபட்டிருந்தது. அதனால் உள்ளே ஓடும் சாதாரண நிரலொன்று நினைவகம் தொடர்பான ஹைபர்காலை இட்டுத் தன் கெர்னலின் நினைவகத்தையே மாற்ற வழியிருந்தது. 2009இல் 2.6.31 பதிப்பில் அது அடைக்கப்பட்டது. அதனினும் கொடியது 2015இல் வெளிப்பட்ட ‘வெனம்’. பிளாப்பித் தகட்டுக் கருவியைப் போல நடிக்கும் பகுதியில் 2004 முதல் இருந்த பிழை அது. அதன்வழி ஒரு குடித்தனத்திலிருந்து வீட்டுக்காரர் அறைக்கே புகலாம் என்றால் அண்டைக் குடித்தனங்களின் கதி என்ன? பிளாப்பியைக் கண்ணால் கண்டிராத நம் தலைமுறைக்கு அதனால் ஆபத்து வந்தது வேடிக்கைதான்.

ரிஸ்க்-வி கட்டமைப்பில் இவ்வழைப்பு இன்னும் தெளிவாக உள்ளது. ‘ஈகால்’ என்ற ஒரே கட்டளையைப் பயனர் நிரல் இட்டால் தன் கெர்னலுக்குச் செல்லும். குடித்தனக் கெர்னல் இட்டால் ஹைபர்வைசருக்குச் செல்லும். இதற்கான விரிவாக்கம் 2021இல் உறுதிசெய்யப்பட்டது, கே.வி.எம். ஆதரவு 2022 ஜனவரியில் 5.16 பதிப்பில் வந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ‘சக்தி’ செயலிகள் இதே ரிஸ்க்-வி குடும்பத்தைச் சேர்ந்தவை ஆதலின், அதன் விவரநூலை நம் மாணவர்கள் படிப்பது பயனுடையது. இப்போதைக்கு, ஆய்வகத்தில் ஒரு மெய்நிகர்ப் பொறியில் லினக்ஸை ஏற்றி, ‘எல்எஸ்சிபியு’ என்னும் ஆணையை இட்டுப் பாருங்கள். ஹைபர்வைசர் என்ற வரியில் வீட்டுக்காரரின் பெயர் நிற்கும்.