சும்மா சைக்கிள் ஓடுதல்

விடிய ஐந்தரைக்குக் கிளிநொச்சி ஏ9 வீதியில் ஒருவர் வெறுங் கரியரோடு சைக்கிள் ஓடிக்கொண்டு போனால், தெரிந்த முகம் ஒன்று கட்டாயம் மறித்துக் கேட்கும். "எங்கை அண்ணை இந்த நேரத்திலை?" "சும்மா, இரணைமடுக் கட்டுக்கு" என்றால் அடுத்த கேள்வி வரும்: "ஆருக்கும் சுகமில்லையோ?"

வன்னியில் சைக்கிள் என்றால் அது வேலைச் சாமான். இதை எழுதுகிறவர் ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய கரியர் வெறுமையாய் இருந்த காலம் குறைவு. விறகு, நெல்மூட்டை, தண்ணீர்க் கான், ஒருமுறை காய்ச்சலில் கிடந்த தாய் என்று ஏதாவது அதில் ஏறிக்கொண்டே இருந்தது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் பெற்றோலும் பற்றரியும் வடக்குக்கு வராமல் நின்றபோது, சைக்கிள்தான் லொறி, சைக்கிள்தான் அம்புலன்ஸ், சைக்கிள்தான் மின்சாரம். மின்சாரம் என்பது பகிடி இல்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவைச் சில்லோடு சாய்த்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். மற்றவர்கள் றேடியோவைச் சூழக் குந்தியிருந்து செய்தி கேட்பார்கள். சுற்றுகிற கை களைத்தால் செய்தியும் தேய்ந்துபோகும். "சுத்தடா, சுத்தடா" என்ற சத்தத்தில் முக்கியமான வசனம் தவறிவிடும்.

2009இல் போரின் முடிவில் முள்ளிவாய்க்காலில் குவியலாய்க் கிடந்த சைக்கிள்களில் இவருடையதும் ஒன்று. பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது. 2022இல் பெற்றோல் வரிசை வந்தது. திரும்பவும் ஒரு பழைய லுமாலா சைக்கிள் வாங்க வேண்டியதாயிற்று. பெற்றோலுக்குக் கியூஆர் முறை வந்து வரிசை குறைந்த பிறகும் அதை விற்க மனம் வரவில்லை. அப்படித் தொடங்கியதுதான் இந்தக் காலை ஓட்டம்.

இரணைமடுச் சந்தியில் ஏ9ஐ விட்டுக் கிழக்கே திரும்பினால் லொறிச் சத்தம் பின்தங்கிவிடும். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய குளம் இது. வெள்ளைக்காரர் காலத்தில், 1902இல் வேலை தொடங்கியது. ஏறத்தாழ 9,000 அடி நீளக் கட்டு, அதாவது இரண்டே முக்கால் கிலோமீற்றர். கட்டின் தெற்கே தண்ணீர், வடக்கே கட்டுக்குக் கீழே வாய்க்காலும் வயலும். ஏற்றமில்லை, இறக்கமில்லை. அரை மணி நேரத்தில் போய்த் திரும்பலாம். பழக்கமில்லாத கால்களுக்கு இதைவிட இலேசான ஓட்டம் இந்தப் பக்கத்தில் கிடைக்காது.

ஆனால் இலேசு என்பது பாதையைப் பொறுத்த வரைக்கும்தான். சென்ற ஆண்டு கனடாவின் ஸ்காபரோவிலிருந்து வந்த மருமகன் இதை முதல் நாளே கண்டுகொண்டான். அங்கே உயரழுத்த மின்கம்பிகளின் கீழே மெடோவே என்று 16 கிலோமீற்றர் பசுமைத் தடம் ஒன்றைச் செய்கிறார்கள். நடப்பவரும் ஓடுபவரும் சைக்கிள்காரரும் ஒரே பாதையைப் பங்கிடுவார்களாம். மணி அடித்து, இடப்பக்கத்தால் முந்த வேண்டுமாம். பெடியன் அதே பழக்கத்தில் இரணைமடுக் கட்டில் மணியடித்து இடப்பக்கத்தால் முந்தினான். முன்னால் போன மீன்காரர், எங்கள் வழக்கப்படி, மணி கேட்டதும் இடப்பக்கம் ஒதுங்கினார். இரண்டு சைக்கிளும் ஒரு மீன்பெட்டியும் விழுந்தன. மீனைப் பொறுக்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டபோது அவர் சொன்னது: "தம்பி, மணி அடிச்சா மட்டும் காணாது. எந்தப் பக்கத்தாலை வாறியள் எண்டும் சொல்லோணும்."

குளக்கட்டு பொழுதுபோக்குக்காகக் கட்டியதல்ல. விடியற்காலை மீன்பெட்டியோடு திரும்புகிறவர்களுக்கு அவசரம் இருக்கிறது. மீன் வெயிலுக்கு முதல் சந்தைக்குப் போக வேண்டும். கனகாம்பிகை அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் குடும்பமாய் அகலமாக நடப்பார்கள். மாடுகளுக்கோ மணி என்றால் என்னவென்றே தெரியாது. மாடு குறுக்கே நின்றால் அதன் முகத்துக்கு முன்னால் நுழையாமல், நின்று, வாற்பக்கத்தால் போவது நல்லது. மாடு பெரும்பாலும் முன்னுக்குத்தான் எட்டு வைக்கும். நாய் துரத்தினால் மிதித்துத் தப்ப நினைக்கக் கூடாது. இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து உருட்டினால் பத்து யாரில் அதற்கு அலுத்துவிடும்.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் தண்ணீர்ப் பக்கத்திலிருந்து அடித்துச் சைக்கிளை வயற்பக்கம் தள்ளும். அந்த மாதங்களில் ஆறு மணிக்கு முன் ஏறினால் தப்பலாம். ஒக்டோபர் கடைசியில் மாரி தொடங்கினால் கட்டை மறந்துவிட வேண்டியதுதான். குளம் நிறைந்து வான் கதவு திறக்கிற நாட்களில் வேடிக்கை பார்க்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள். புனரமைப்புக்குப் பிறகு 36 அடி கொள்ளும் குளம் இது. 2018 டிசம்பரில் வான் கதவுகள் திறந்தபோது கிளிநொச்சி, முல்லைத்தீவு ஊர்களுக்குள் வெள்ளம் ஏறியதைக் கண்டவர் அந்தப் பக்கம் சைக்கிளோடு போக மாட்டார். காலபோக அறுவடை முடிகிற மாசி, பங்குனிதான் நல்ல காலம். குளத்தில் தண்ணீர் நிற்கும், பாதை காய்ந்திருக்கும்.

சரி, இனி ஒரு முள்ளுக் கதை. ஒரு பங்குனிக் காலை, படம் எடுப்பதற்காகக் கட்டை விட்டுப் புல்லில் பத்தடி இறக்கியதற்கு நெருஞ்சி கூலி கேட்டது. முன் ரயரில் ஒன்று ஏறிவிட்டது. அந்த வழியால் வந்த வயோதிபர் ஒருவர், சைக்கிள் கடை வைத்திருந்தவராம், கையை நீட்டி மறித்தார். "முள்ளை இப்ப புடுங்காதேங்கோ தம்பி. அது இருக்கிறதாலைதான் காத்து நிக்குது. கடையடியிலை புடுங்குவம்." அப்படியே மெதுவாய் ஓடி வர, சந்திக் கடை வரை காற்று நின்றது. ஒட்டுப் போட்டு முடிந்ததும் கடைக்காரரை ரியூப்பை உள்ளே விட விடாமல், அவரே ரயரின் உட்புறத்தை விரலால் ஒரு முழுச் சுற்றுத் தடவினார். ஓரிடத்தில் விரல் நின்றது. நெருஞ்சியின் இன்னொரு நுனி, அரிசிக் குறுணி அளவு, உள்ளே குத்திக்கொண்டு இருந்தது. அதை விட்டிருந்தால் வீடு போய்ச் சேர முதல் அடுத்த ஒட்டு. அன்றிலிருந்து கூட ஒரு ரியூப்பும் சின்னப் பம்மும் கரியரில் போகின்றன. ஓட்டை தேடவென்று குளத்துத் தண்ணீரில் ரியூப்பை அமிழ்த்துகிற எண்ணம் மட்டும் வேண்டாம். முதலை இருக்கிற குளம். போத்தல் தண்ணீரே போதும்.

கிறவல் ரோட்டில் முன் பிரேக்கைத் தனியாகப் பிடிக்கக் கூடாது என்பதும், காற்றைக் கல்லுமாதிரி இறுக்கி அடிக்கக் கூடாது என்பதும் விழுந்து படித்த பாடங்கள். முழங்காலில் தழும்பு இருக்கிறது.

புல்லில் இறங்காமல் இருப்பதற்கு வன்னியில் நெருஞ்சியைவிடப் பெரிய காரணம் உண்டு. கட்டு பழகிய பாதை. ஆனால் ஓட்டம் பிடித்துப்போய் முல்லைத்தீவுப் பக்கம், காட்டோரப் பாதைகளில் நீட்ட நினைப்பவர்கள், மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் ஒரு அடிகூட விலகக் கூடாது. கண்ணிவெடி அகற்றும் வேலை இத்தனை வருடமாகியும் முற்றாக முடியவில்லை. பலகை இல்லை என்பதால் ஒற்றையடிப் பாதைக்குள் நுழையவும் கூடாது. அந்த ஊர் ஆட்களைக் கேட்டுத்தான் போக வேண்டும். அவசரத்துக்குப் பற்றைக்குள் ஒதுங்குவதற்கும் இதே சட்டம். பொழுது பட்டால் யானையும் வரும்.

முறிகண்டி வரை தெற்கே இன்னும் கொஞ்சம் ஓடினால் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், தனக்கு ஒரு சரை கச்சான். ஆனால் அது ஏ9இல், சொகுசு பஸ்கள் பறக்கிற தெருவில் ஓடுகிற ஓட்டம். இலேசான கணக்கில் சேராது. மருமகன் ஆசைப்பட்டான். பஸ்ஸில் போய் வாங்கி வந்தார்கள்.

இப்போதெல்லாம் திரும்பும்போது அந்த மீன்காரரிடம் இரண்டு விரால் வாங்கி ஹான்டிலில் கொழுவிக்கொள்கிறார். சந்தியில் யாரும் எதுவும் கேட்பதில்லை.